நல்ல கடிதமும் அந்த வடிகட்டி வழியாகத்தான் போகிறது

ஓர் இணையதளத்தின் தொடர்புப் படிவத்தில் பெயரையும் மின்னஞ்சலையும் போட்டு, நாலு வரி எழுதி, ‘அனுப்பு’ என்று தட்டுகிறோம். ‘உங்கள் செய்தி கிடைத்தது, நன்றி’ என்று திரையில் வர ஒரு நொடி ஆகிறது. அந்த ஒரு நொடிக்குள் நாம் எழுதியது கடல் தாண்டிப் போய்த் திரும்பியிருக்கலாம். தளத்துக்காரர் வைத்திருக்கும் ஸ்பேம் வடிகட்டி அதை வேறொரு நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பி, ‘இது குப்பையா, உண்மையா?’ என்று கேட்டுப் பதில் வாங்கிக்கொண்டு வந்திருக்கும்.

என்னவெல்லாம் போகிறது? வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் இயங்கும் தளங்களில் பரவலாகப் புழங்கும் அகிஸ்மெட் என்ற வடிகட்டியை எடுத்துக்கொள்வோம். ஆட்டோமேட்டிக் நிறுவனம் 2005இல் கொண்டுவந்த சேவை அது. எழுதியவரின் பெயர், மின்னஞ்சல், அவர் கொடுத்த இணைய முகவரி, எழுதிய வாசகம் முழுவதும், இணையத்தில் அவருடைய இணைப்பைக் காட்டும் எண்ணான ஐபி முகவரி, எந்த பிரவுசர் எந்த இயங்குதளம் என்று சொல்லும் வரி, எங்கிருந்து அந்தப் பக்கத்துக்கு வந்தார் என்பது. இவ்வளவும் ஒரே கட்டாகப் போகின்றன. அந்த நிறுவனம் இதை ஒளிக்கவில்லை, தன் ஆவணங்களில் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதி வைத்திருக்கிறது. வெளி சர்வரில் இயங்கும் மற்றச் சேவைகளிலும் ஏறக்குறைய இதே கதைதான்.

ஸ்பேம் வடிகட்டி என்றதும் ஸ்பேம் அனுப்புகிறவனைப் பற்றிய விஷயம் என்று நினைத்துவிடுகிறோம். அவனுக்கு இதில் போவதற்கு ஒன்றுமில்லை. பெயர் பொய், முகவரி பொய், ஐபி வாடகைக்கு எடுத்தது. உண்மையான பெயரையும் உண்மையான கஷ்டத்தையும் எழுதுகிறவர்களின் விவரம்தான் அந்தக் கட்டில் மதிப்புள்ளது. குப்பையைப் பிரிக்க வேண்டுமானால் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தாக வேண்டும். அதனால் தனியுரிமைச் சட்டம் இந்த இடத்தில் யாருக்குக் காவல் நிற்கிறது என்றால், குப்பை போடாத மனிதர்களுக்கு.

கல்லூரி மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கும் ஒரு சிறு அறக்கட்டளையின் தளத்தை நான் சில வருடங்களாகப் பார்த்துக்கொள்கிறேன். அதில் ஒரே ஒரு படிவம். சூதாட்டத் தளங்களின் இணைப்புகளும் ‘உங்கள் தளத்தை கூகுளில் முதலிடத்துக்குக் கொண்டுவருகிறோம்’ என்ற கடிதங்களும் அதில் கொட்டத் தொடங்கியபோது, கட்டணமில்லாத ஒரு வடிகட்டிச் சேவையைப் பொருத்தினேன். பெயர் வேண்டாம். குப்பை நின்றது, எனக்கும் நிம்மதி. வெகுநாள் கழித்து வேறு ஏதோ பழுது பார்க்கப் போனபோது, வெளியே போகும் கோரிக்கைகளின் பதிவைத் திறந்து பார்த்தேன். அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறது, அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார், இந்த செமஸ்டர் கட்டணம் இவ்வளவு, கைப்பேசி எண் இது என்று ஒரு மாணவி எழுதியிருந்த முழுக் கடிதமும் அப்படியே ஒரு வெளி நிறுவனத்துக்குப் போயிருந்தது. சுருக்கென்றது. அந்த மாணவி அதை அறக்கட்டளைக்குத்தான் எழுதினார். அது வேறு கைகளைத் தாண்டி வரும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. சட்டப் புத்தகங்களை நான் புரட்டத் தொடங்கியது அன்றுதான்.

ஐபி முகவரிக்கு வந்த வழக்கு

முதல் கேள்வி: இதெல்லாம் ‘தனிநபர் தரவு’தானா? பெயரும் மின்னஞ்சலும் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை. ஐபி முகவரி பற்றித்தான் நெடுநாள் வாதம் இருந்தது. அதைத் தீர்த்து வைத்தது பாட்ரிக் பிரையர் என்ற ஜெர்மன் அரசியல்வாதி தொடுத்த வழக்கு. ஜெர்மன் மத்திய அரசின் தளங்களைப் பார்க்கப் போகிறவர்களின் ஐபி முகவரிகளை அந்தத் தளங்கள் சேர்த்து வைத்தன. தாக்குதல் வந்தால் கண்டுபிடிக்க என்று அரசு சொன்னது. இது என் தனிப்பட்ட தரவு, நான் போன பிறகும் எதற்காக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டு அரசின் மீதே வழக்குப் போட்டார் அவர்.

2016 அக்டோபர் 19 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாறிக்கொண்டே இருக்கும் ஐபி முகவரியும், இணைய இணைப்பு கொடுக்கும் நிறுவனத்திடம் உள்ள விவரத்தோடு சேர்த்து ஆளைக் கண்டுபிடிக்கச் சட்டப்படி வழி இருக்குமானால், தளம் நடத்துபவர் கையிலும் தனிநபர் தரவுதான் என்றது. எல்லோரும் மேற்கோள் காட்டுவது இந்தப் பாதியை மட்டும். அதே தீர்ப்பின் மறுபாதி ஸ்பேம் வடிகட்டுகிறவர்களுக்கு இன்னும் முக்கியமானது. தளம் தொடர்ந்து ஒழுங்காக இயங்குவதற்காக அந்த விவரத்தை வைத்திருக்கத் தளத்துக்காரருக்கு நியாயமான தேவை இருக்கலாம், அதை எடைபோட்டுப் பார்க்கவே இடமில்லாதபடி ஒரு நாட்டுச் சட்டம் கதவை மூடக் கூடாது என்றும் நீதிமன்றம் சொன்னது. ஆக, ‘இது தனிநபர் தரவு, ஆனால் காரணம் இருந்தால் தொடலாம்.’ பிறகு வந்த விவாதமெல்லாம் அந்தக் காரணத்தின் அளவைப் பற்றியதுதான்.

2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியப் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, அதாவது ஜிடிபிஆர், இந்த எடைபோடுதலை 6ஆம் பிரிவில் ‘நியாயமான நலன்’ என்ற பெயரில் வைத்திருக்கிறது. முன்னுரையின் 49ஆம் பத்தி, வலைப்பின்னலின் பாதுகாப்புக்காகத் தேவையான அளவு தரவைக் கையாள்வது அப்படிப்பட்ட நலன்தான் என்கிறது. ஸ்பேம் என்ற சொல் அந்தப் பத்தியில் இல்லை. தீங்கு நிரல் பரவுவது, சர்வரை முடக்கும் தாக்குதல் என்பவைதான் உதாரணங்கள். ஆனாலும் படிவத்தை நிரப்பி மூச்சு முட்டவைக்கும் தானியங்கிகளைத் தடுப்பதும் இந்த வகைக்குள் வரும் என்று வாதிட இடம் இருக்கிறது. பெரும்பாலான தளங்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. ‘என் விவரங்கள் ஸ்பேம் சோதனைக்கு அனுப்பப்படுவதற்குச் சம்மதம்’ என்று ஒரு டிக் பெட்டியைப் படிவத்தின் அடியில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். சம்மதம் என்றால் மறுக்கவும் முடிய வேண்டும். டிக் செய்யாதவரின் செய்தியைச் சோதிக்காமல் உள்ளே விட எந்தத் தளம் தயாராக இருக்கிறது? அப்படி விட்டால் நாளைக்கே தானியங்கிகள் டிக் செய்யாமல் வரும். டிக் செய்யாமல் அனுப்பவே முடியாது என்றால் அது சம்மதம் இல்லை, சுங்கச்சாவடி. நியாயமான நலன் என்று நேர்மையாகச் சொல்லி, என்ன செய்கிறோம் என்று தெரிவித்து, ஆட்சேபம் சொல்ல ஒரு வழியும் வைப்பது இதைவிட மேல். என் கருத்தில் அது எழுதுகிறவருக்குக் கொடுக்கும் மரியாதையும்கூட.

ஆனால் நியாயமான நலன் என்பது அள்ளிக்கொள்ள அனுமதி இல்லை. தேவையான அளவு மட்டும் என்பது அதிலேயே இருக்கிறது. வேறு வழி இருக்கும்போது தரவை வெளியே அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2022 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. ஸ்பேமோடு சம்பந்தமில்லாத வழக்கு அது. ஒரு தளம் தன் எழுத்துருக்களை கூகுள் சர்வரிலிருந்து எடுத்ததால் பார்வையாளரின் ஐபி கூகுளுக்குப் போனது. எழுத்துருவை உங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்ள முடியும்போது எதற்காக அனுப்பினீர்கள் என்று கேட்டது நீதிமன்றம். பார்வையாளருக்கு 100 யூரோ இழப்பீடு கொடுக்கச் சொன்னது. தொகை சிறிது. ‘வீட்டிலேயே செய்ய முடிந்ததை ஏன் வெளியே கொடுத்தாய்?’ என்ற கேள்வி பெரிது. ஸ்பேம் வடிகட்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

சேவை நிறுவனம் வேலைக்காரரா, பங்காளியா?

சிக்கலான இடம் என்று எனக்குப் படுவது இதுதான், சற்று நின்று பார்க்கலாம்.

சட்டம் இரண்டு பாத்திரங்களைப் பிரிக்கிறது. எதற்காக, எப்படி என்று முடிவு செய்பவர் பொறுப்பாளர். அவர் சொன்னதை மட்டும் செய்து கொடுப்பவர் செயலாக்குநர். நம் துணியை இஸ்திரிக் கடையில் கொடுக்கிறோம். தேய்த்துத் திருப்பிக் கொடுக்கும்வரை துணியும் நம்முடையது, அதை என்ன செய்வது என்ற முடிவும் நம்முடையது. ஜிடிபிஆரின் 28ஆம் பிரிவு இந்த உறவுக்கு எழுத்துபூர்வமான ஒப்பந்தம் கேட்கிறது. என்ன தரவு, எவ்வளவு நாள், வேறு யாரிடம் துணை வேலை கொடுக்கலாம், வேலை முடிந்ததும் அழிப்பதா திருப்புவதா என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். பெரிய வடிகட்டிச் சேவைகள் இந்த ஒப்பந்தத்தைத் தயாராகவே வைத்திருக்கின்றன. கேட்டு வாங்கிக் கையெழுத்திட்டுக் கோப்பில் வைக்கிறவர்கள்தான் குறைவு.

சரி, ஸ்பேம் வடிகட்டி இஸ்திரிக் கடை மட்டும்தானா? அதன் பலம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒரு தளத்தில் இன்று காலை வந்த குப்பைக் கடிதம் பத்து மணிக்கு இன்னும் ஆயிரம் தளங்களுக்குப் போகும். ஆயிரம் தளங்களிலிருந்தும் வரும் கடிதங்களை ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கிறவரால்தான், ‘இதே வாசகம், இதே ஐபி, இதே மின்னஞ்சல், காலையிலிருந்து சுற்றுகிறது’ என்று சொல்ல முடியும். நாம் ‘இது ஸ்பேம்’, ‘இது ஸ்பேம் இல்லை’ என்று திருத்துகிறபோதெல்லாம் அந்தத் திருத்தமும் அங்கே போய்ப் பாடமாகிறது. எல்லோருடைய தரவையும் கலந்து வைப்பதுதான் சேவையின் உயிர். அப்படிக் கலந்து, தன் இயந்திரத்தைப் பயிற்றுவித்து, தன் கறுப்புப் பட்டியலை வளர்த்துக்கொள்ளும்போது, அந்த நிறுவனம் நம் வேலையை மட்டுமா செய்கிறது? தன் வேலையையும் செய்கிறது. தானே நோக்கத்தை முடிவு செய்யும் செயலாக்குநர் அந்த அளவுக்குப் பொறுப்பாளராகவே கருதப்படுவார் என்று 28ஆம் பிரிவின் பத்தாம் உட்பிரிவு சொல்கிறது.

அப்படியானால் தளத்துக்காரர் ஒதுங்கிக்கொள்ளலாமா? முடியாது. ஃபேஸ்புக்கின் லைக் பொத்தானைத் தன் பக்கத்தில் ஒட்டிய ‘ஃபேஷன் ஐடி’ என்ற ஜெர்மன் ஆடைக் கடை வழக்கில், 2019 ஜூலை 29 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஃபேஸ்புக் பிறகு அந்தத் தரவை என்ன செய்கிறது என்பதற்குக் கடை பொறுப்பில்லை. ஆனால் தரவைச் சேகரித்து அனுப்பிவிடும் அந்த ஒரு கட்டத்துக்குக் கடையும் கூட்டுப் பொறுப்பாளர். வாசற்படியைத் தாண்டி எதை வெளியே விடுகிறோமோ அதற்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது விலையையும் துல்லியத்தையும் பார்ப்பதற்கு முன்னால் ஒன்றைக் கேட்க வேண்டும்: நான் அனுப்பும் நல்ல கடிதங்களை, ஸ்பேம் இல்லை என்று நீங்களே சொன்னவற்றை, பிறகு என்ன செய்கிறீர்கள்? இதற்கு நேரான பதில் எழுத்தில் இல்லாத சேவையை நான் இப்போது தொடுவதில்லை.

கேப்சா: பார்வையாளரின் கருவிக்குள் கை விடுவது

வடிகட்டி வந்த கடிதத்தைப் பார்க்கிறது. மனிதரா, தானியங்கியா என்று சோதிக்கும் கேப்சாவோ, எழுதுகிற மனிதரையே பார்க்கிறது. சுட்டி எப்படி நகர்கிறது, பிரவுசரில் என்ன இருக்கிறது, தளங்கள் அதில் விட்டுவைத்த குக்கீகள் என்ற சிறு கோப்புகள் என்ன என்பதெல்லாம் அதன் கணக்கில் வரும். ஐரோப்பாவில் இதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. 2002இல் வந்து பின்னர் திருத்தப்பட்ட மின்னணுத் தொடர்புத் தனியுரிமை நெறிமுறையின்படி, பயனர் கேட்ட சேவைக்கு இன்றியமையாததாக இல்லாவிட்டால், அவருடைய கருவியிலிருந்து விவரம் எடுக்க அவர் சம்மதம் வேண்டும். நியாயமான நலன் அங்கே செல்லாது.

பிரான்சில் இது இரண்டு முறை பளிச்சென்று வெளியே வந்தது. கொரோனா தொடர்புகளைத் தடமறிய அரசு 2020 ஜூன் 2 அன்று வெளியிட்ட ‘ஸ்டாப்கோவிட்’ செயலியின் முதல் பதிப்பு, ஆள்தானா என்று சோதிக்க கூகுளின் ரீகேப்சாவைப் பயன்படுத்தியது. நோய் பற்றிய செயலி, அரசின் செயலி, அதன் வாசலிலேயே கூகுள். தரவுப் பாதுகாப்பு ஆணையமான சிஎன்ஐஎல், அந்த ஜூலையில் சுகாதார அமைச்சகத்துக்கே முறைப்படி அறிவிப்பு அனுப்பியது. அதற்குள் புதிய பதிப்பில் ஆரஞ்சு நிறுவனம் செய்த கேப்சா வந்துவிட்டது. பழைய பதிப்பு வைத்திருந்தவர்கள்தான் பிரச்சினை.

அப்புறம் 2023 மார்ச்சில், மின் ஸ்கூட்டர்களை வாடகைக்கு விடும் சிட்டிஸ்கூட் நிறுவனத்துக்கு 125,000 யூரோ அபராதம் விழுந்தது. ஸ்கூட்டர் எங்கே போகிறது என்று 30 நொடிக்கு ஒருமுறை பதிவு செய்து வைத்ததுதான் முதன்மைக் குற்றம். ஆனால் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: கணக்குத் தொடங்கும்போதும் உள்ளே நுழையும்போதும் ரீகேப்சாவை ஓடவிட்டு, அதைப் பயனரிடம் சொல்லவும் இல்லை, சம்மதம் கேட்கவும் இல்லை. பாதுகாப்புக்காகத்தானே வைத்தோம் என்ற வாதம் எடுபடாததற்குக் காரணம், எடுக்கப்பட்ட விவரம் கூகுளின் பகுப்பாய்வுக்கும் போனது. பாதுகாப்பு மட்டுமே செய்யும் கேப்சாவுக்குக் கிடைக்கும் விலக்கு அதற்குக் கிடைக்காது.

பெயரை மறைத்து அனுப்பினால்?

மின்னஞ்சலை அப்படியே அனுப்பாமல் ஹாஷ் செய்து அனுப்புகிறோம், அதனால் அது தனிநபர் தரவு இல்லை என்று சில சேவைகள் சொல்கின்றன. ஹாஷ் என்பது எந்த எழுத்தையும் எண்ணையும் ஒரு குறியீடாக மாற்றும் கணக்கு; அது ஒரு வழிப் பாதை. விடையிலிருந்து கேள்விக்குத் திரும்ப முடியாது என்பது கணிதத்தில் சரி. ஆனால் இந்தியக் கைப்பேசி எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து இலக்கம், 6, 7, 8, 9 இல் தொடங்கும். மொத்தம் அதிகபட்சம் 400 கோடி எண்கள். பழைய நான்கு பகுதி ஐபி முகவரிகளும் ஏறக்குறைய 429 கோடிதான். எம்டி5 போன்ற பழைய முறையில் இவை எல்லாவற்றுக்கும் ஹாஷ் போட்டு ஒரு பட்டியல் தயாரிக்க, நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள ஒரு கணினிக்கு நிமிடக் கணக்குதான். பிறகு ஒப்பிட்டுப் பார்த்தால் எண் தெரிந்துவிடும். ரகசியச் சாவி கலக்காத ஹாஷ், கண்ணாடி போட்ட திரை மாதிரி.

2025 செப்டம்பர் 4 அன்று ஐரோப்பிய நீதிமன்றத்திலிருந்து வந்த ஒரு தீர்ப்பு இதை இன்னும் நுணுக்கமாக்கியது. ஸ்பெயினின் பாங்கோ பாப்புலர் வங்கி 2017இல் விழுந்தபோது, அதன் பங்குதாரர்களிடம், நொடித்துப்போகும் வங்கிகளைக் கையாளும் ஐரோப்பிய ஒற்றைத் தீர்வு வாரியம் கருத்துக் கேட்டது. வந்த கருத்துகளைப் பெயர் நீக்கி, குறியீட்டு எண் மட்டும் போட்டு டெலாய்ட் நிறுவனத்துக்கு அனுப்பியது. அங்கே போனபோது அவை தனிநபர் தரவா என்பது கேள்வி. பெற்றுக்கொள்பவரால் ஆளைக் கண்டுபிடிக்கவே முடியாது என்றால் அவர் கையில் அது தனிநபர் தரவாக இல்லாமல் போகலாம் என்றது நீதிமன்றம். அதோடு இரண்டு விஷயங்களையும் சொன்னது. ஒருவர் எழுதிய சொந்தக் கருத்து அவர் மனத்தின் வெளிப்பாடு, அதனால் அவரோடு ஒட்டியது. அடுத்தது, யாருக்குத் தரப்போகிறோம் என்று தெரிவிக்கும் கடமை, தரவைச் சேகரிக்கிற நேரத்தில், சேகரிப்பவரின் நிலையிலிருந்து பார்க்கப்பட வேண்டியது. தளத்துக்காரருக்கு ஆள் தெரியும் அல்லவா? ஆகவே ஹாஷ் செய்தாலும் சரி, குறியீடு போட்டாலும் சரி, படிவத்தின் அடியில் அதைச் சொல்லியாக வேண்டும்.

எல்லை தாண்டிப் போவது பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குத் தரவு போக இருந்த ஏற்பாடுகளை ஐரோப்பிய நீதிமன்றம் 2015இலும் 2020இலும் ரத்து செய்தது. 2023 ஜூலை 10 முதல் மூன்றாவது ஏற்பாடு இருக்கிறது; அதில் பதிவு செய்துகொண்ட அமெரிக்க நிறுவனங்களுக்கு அனுப்பலாம். நம் வடிகட்டிச் சேவை அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

இந்தியச் சட்டத்தில் காணாமல் போன ஒரு வரி

பாரிஸ் வாசகர்களைக் குறிவைத்து யூரோவில் சந்தா வாங்கும் தமிழ்த் தளத்துக்கு மேலே சொன்னதெல்லாம் நேரடியாகப் பொருந்தும். தளம் அங்கே திறக்கிறது என்பதற்காக மட்டும் பொருந்தாது. சென்னையில் இருந்துகொண்டு இங்குள்ளவர்களுக்காக நடத்தும் தளத்துக்கு நம் நாட்டுச் சட்டம்தான்.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் சொன்னார்கள். ஆறு வருடம் கழித்து, 2023 ஆகஸ்டில், டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம் அமலுக்கு வருகின்றன.

இந்தச் சட்டத்தில் ‘நியாயமான நலன்’ என்ற பொதுவான அடிப்படை கிடையாது. சம்மதம் வேண்டும், அல்லது 7ஆம் பிரிவில் எண்ணிச் சொல்லப்பட்ட பயன்பாடுகளில் ஒன்றாக இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் வலைப்பின்னல் பாதுகாப்பு இல்லை. 2019 மசோதாவின் 14ஆம் பிரிவில் அது இருந்தது. 2022 வரைவிலும், பொது நலனுக்கான காரணங்களில் ஒன்றாக, மோசடித் தடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அந்த வரி இல்லை. பிரிட்டன் 2025இல் செய்த திருத்தத்தில், முன்னுரையில் இருந்த இதே விஷயத்தைச் சட்டத்தின் உடலுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தது. நாம் எதிர்த் திசையில் போயிருக்கிறோம். இது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது, ஏனென்றால் அடிப்படை இல்லாத இடத்தில் எல்லோரும் அந்தப் போலி டிக் பெட்டிக்குத்தான் ஓடுவார்கள்.

இருப்பதை வைத்து என்ன செய்யலாம்? ஒரு நோக்கத்துக்காக ஒருவர் தானாகவே முன்வந்து கொடுத்த தரவை, அவர் மறுப்புச் சொல்லாதவரை, அந்த நோக்கத்துக்குப் பயன்படுத்தலாம் என்கிறது 7ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு. மருந்துக் கடையில் ரசீதைக் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்லி எண்ணைக் கொடுப்பது சட்டமே காட்டும் உதாரணம். உதவித்தொகைக்கு எழுதும் மாணவி தன் பெயரையும் எண்ணையும் அப்படித்தான் கொடுக்கிறார். அவர் கடிதம் குப்பைக்குள் புதையாமல் எங்கள் கண்ணில் படுவதும் அந்த நோக்கத்தின் பகுதிதான் என்று சொல்லலாம், எங்கள் சர்வரிலேயே சோதிக்கிறவரை. ஆனால் அவருடைய ஐபியை அவர் ‘கொடுக்க’வில்லை, நாம் எடுத்தோம். அதை வெளியே அனுப்பி இன்னொருவரின் இயந்திரத்தைப் பயிற்றுவிப்பது அவர் நோக்கத்தில் எங்கே வருகிறது? என்னால் அப்படி இழுத்துப் பொருள் கொள்ள முடியவில்லை.

17ஆம் பிரிவு, குற்றத்தைத் தடுக்கவும் கண்டுபிடிக்கவும் கையாளும் தரவுக்குப் பல கடமைகளிலிருந்து விலக்கு தருகிறது. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றும் கடிதங்களுக்கு இது உதவும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின்படி அது குற்றம். ஆனால் வெறும் விளம்பரக் குப்பை? குறுஞ்செய்திக்கும் அழைப்புக்கும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 ஒழுங்குமுறை இருக்கிறது. இணையப் படிவத்தில் வந்து விழும் விளம்பரத்துக்கு அப்படித் தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. அதனால் இந்தக் குடை எல்லா மழைக்கும் போதாது.

மற்றபடி கடமைகள் தெளிவு. செயலாக்குநரை முறையான ஒப்பந்தத்தோடுதான் அமர்த்தலாம். அவர் செய்யும் தவறுக்கும் தளத்துக்காரர்தான் பொறுப்பு, ஒப்பந்தத்தில் வேறு என்ன எழுதியிருந்தாலும். பாதுகாப்பு ஏற்பாடு தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். தனிநபர் தரவையும் செயலாக்கப் பதிவுகளையும் குறைந்தது ஓர் ஆண்டு வைத்திருக்கச் சொல்கின்றன 2027 மே மாதம் அமலுக்கு வரும் விதிகள். இது ‘சீக்கிரம் அழி’ என்ற தனியுரிமை வழக்கத்தோடு முட்டுகிறது.  வெளிநாட்டுக்கு அனுப்ப, மத்திய அரசு தடை சொல்லாதவரை வழி திறந்திருக்கிறது. சம்மதம் கேட்டால், அதற்கான அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள எந்த மொழியிலோ படிக்க வாய்ப்புத் தர வேண்டும். தமிழ் அதில் இருக்கிறது. தமிழில் கடிதம் வாங்கும் தளம் அறிவிப்பை ஆங்கிலத்தில் மட்டும் வைத்திருப்பதற்கு இனி நியாயமில்லை.

அந்தப் படிவத்தை நாங்கள் மாற்றிய விதம்

முதலில் வெளிச் சேவையை எடுத்துவிட்டோம். படிவத்தில் மனிதக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தைச் சேர்த்தோம். தானியங்கி எல்லாக் கட்டத்தையும் நிரப்பும், அதிலும் ஏதாவது இருந்தால் அது மனிதர் இல்லை. கண் தெரியாதவர்களுக்குப் பக்கத்தைப் படித்துச் சொல்லும் மென்பொருள் அந்தக் கட்டத்தைப் படித்துவிடாதபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் தடவை நான் இதை விட்டுவிட்டேன். பக்கம் திறந்து மூன்று நொடிக்குள் வந்த கடிதத்தை மனிதர் எழுதியிருக்க முடியாது. இரண்டுக்கு மேல் இணைப்பு இருந்தால் தனியே நிறுத்தி வைத்தோம். இவ்வளவும் எங்கள் சர்வருக்குள்ளேயே நடக்கிறது. குப்பையில் பெரும்பங்கு இங்கேயே நின்றுவிட்டது. வேர்ட்பிரஸ்காரர்களுக்கு ஜெர்மனியில் பிறந்த ‘ஆன்டிஸ்பேம் பீ’ என்ற ப்ளக்இன் இதே வழியில் வேலை செய்கிறது, அங்கே அது பிரபலமானதற்குத் தனியுரிமை பற்றிய அக்கறையே பெரிய காரணம். பெரிய செய்தித் தளங்களுக்கு இது போதாது. அவர்கள் வெளிச் சேவையைப் பயன்படுத்தலாம், ஆனால் உள்ளூர்ச் சோதனையில் சந்தேகம் வந்தவற்றை மட்டும் அனுப்பினால், நல்ல கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டை விட்டே வெளியே போகாது.

அடுத்து தங்கிப்போகும் தடம். வேர்ட்பிரஸ் ஒவ்வொரு பின்னூட்டத்தோடும் எழுதியவரின் ஐபியைத் தரவுத்தளத்தில் எழுதி வைக்கிறது, அது தானாக அழிவதில்லை. பத்து வருடத் தளம் என்றால் பத்து வருட ஐபிகள் அங்கே கிடக்கும். ஜிடிபிஆருக்கு எட்டு நாள் முன்னால், 2018 மே 17 அன்று வந்த 4.9.6 பதிப்பிலிருந்து, ஒருவரின் தரவை எடுத்துக் கொடுக்கவும் அழிக்கவும் கருவிகள் உண்டு. யாராவது கேட்டால்தான் அவை வேலை செய்யும். பழையவற்றை நாமே துடைக்க வேண்டும்.

கடைசியாக, தவறாகக் குப்பைக்குப் போன கடிதங்கள். இதைத்தான் நான் முதலில் கவனித்திருக்க வேண்டும். அகிஸ்மெட் போன்ற வடிகட்டிகள் ஸ்பேம் என்று ஒதுக்கியதை 15 நாளில் அழித்துவிடும். தனியுரிமைக்கு அது நல்லதுதான். எங்கள் பழைய வடிகட்டியின் குப்பைப் பெட்டியை நான் கடைசியாகத் துழாவியபோது, மதிப்பெண் பட்டியலின் கூகுள் டிரைவ் இணைப்போடு ஒரு மாணவன் எழுதிய விண்ணப்பம் அங்கே இருந்தது. இன்னும் சில நாளில் தானாக அழிந்திருக்கும். ஏன் ஒதுக்கியது என்று அந்தச் சேவை சொல்லவில்லை, சொல்லும் வசதியும் அதில் இல்லை. அவன் எங்களிடமிருந்து பதில் வராததை ‘கிடையாது’ என்றே எடுத்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டுப் பேசியபோது அப்படித்தான் சொன்னான்.

இப்போது படிவத்தின் அடியில், ‘அனுப்பு’ பொத்தானுக்கு மேலே, இந்த வரிகள் இருக்கின்றன:

‘நீங்கள் எழுதுவதை அறக்கட்டளையின் இரண்டு பேர் மட்டுமே படிப்பார்கள். குப்பைக் கடிதங்களைப் பிரிக்க எங்கள் சர்வரிலேயே ஒரு சோதனை நடக்கிறது; வெளி நிறுவனம் எதற்கும் உங்கள் கடிதம் போவதில்லை. உங்கள் ஐபி முகவரியை 7 நாளில் கடிதத்திலிருந்து அழித்துவிடுவோம். சில நேரம் இந்தச் சோதனை தவறு செய்யும். ஒரு வாரத்துக்குள் எங்களிடமிருந்து பதில் வராவிட்டால், உங்கள் கடிதம் எங்களுக்குக் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொண்டு கீழே உள்ள எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.’